இவங்களுக்கு மனசே இல்லையா, மிஸ்?

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. நாலு நிமிடத்துக்கு மேல் நீளம். அனுப்பியவன் என்னிடம் வெள்ளவத்தையில் ஒன்றரை வருடம் ஜப்பானிய மொழி படித்த பையன். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். இப்போது குன்மா மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். எங்களுக்குப் பதினொரு மணியென்றால் அங்கே அதிகாலை இரண்டரை. இரவுக் கடமையில் இருந்துகொண்டு, யாரும் எழும்பிவிடாதபடி மெல்லிய குரலில் பேசியிருந்தான்.

எட்டு மாதமாக அவன் கையால் சோறூட்டிய ஒரு பாட்டி செத்துப்போனார். தொண்ணூற்று மூன்று வயது. பகலில் வாகனம் வந்தது. இல்லத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று குனிந்து வழியனுப்பினார்கள். பிறகு உள்ளே போய், மூன்று மணிக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டிய தேத்தண்ணியைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர்கூட அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பின்னேரம் பார்த்தால் அறைக் கதவில் இருந்த பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

"நான் மட்டும் டொய்லட்டுக்குப் போய் அழுதேன் மிஸ். இவங்களுக்கு மனசே இல்லையா, மிஸ்?"

அன்றிரவு அவனுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "நாளைக்குப் பேசுறேன் தம்பி. சாப்பிட்டியா?" அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை. கடற்கரை ரயில்பாதையில் கடைசி ரயில் போன சத்தமும் கேட்டு ஓய்ந்தது. அவன் கேட்டதை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், 1999 ஆம் ஆண்டு நானும் என் அம்மாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் கடிதம் இன்னமும் என்னிடம் இருக்கிறது. அவனுக்குச் சொல்லவேண்டியதை இங்கே ஆறுதலாக எழுதிப் பார்க்கிறேன். என்னிடம் படித்துவிட்டுப் போன மற்றப் பிள்ளைகளுக்கும், இனிப் போகப்போகிறவர்களுக்கும் உதவட்டும்.

நான் ஜப்பான் அரசாங்கத்தின் புலமைப்பரிசிலில் 1997 இல் மொரியோகாவுக்குப் படிக்கப் போனவள். படிப்பு முடிந்ததும் அதே இவாத்தே மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய ஊரின் இடைநிலைப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கினேன். பதினெட்டு வருடம் அங்கேயே இருந்தேன். 2017 இல் அம்மாவுக்கு ஏலாமல் வந்தபோது கொழும்புக்குத் திரும்பினேன். 2019 இல் இரண்டு அரசாங்கங்களும் விசேட திறன் தொழிலாளர்களை அனுப்புவதற்கு உடன்பட்ட பிறகு ஜப்பானிய வகுப்புக்கு ஆள் சேர்ந்தது. 2022 இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், என் வீட்டு மேல்மாடியில் இருக்க இடமில்லாமல் பிள்ளைகள் படிக்கட்டில் இருந்து படித்தார்கள். அவர்களுக்கு வினைச்சொல்லையும் எழுத்தையும் சொல்லிக் கொடுத்தேன். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியரின் தகப்பனார் இறந்துபோனார். நாலாம் நாள் அவர் வேலைக்கு வந்தார். ஒவ்வொருவருடைய மேசைக்கும் போய்க் குனிந்து, "உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி, ஒரு சிறு தேயிலைப் பொதியை வைத்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் தகப்பன் செத்து நாலாம் நாள் ஒருவன் சிரித்தால் ஊர் என்ன சொல்லும்? "அப்பா செத்ததுக்குச் சிரிக்கிறார், அம்மா. இந்த மனிசருக்கு நெஞ்சுக்குள்ள என்ன இருக்கு எண்டு தெரியேல்ல" என்று எழுதினேன்.

அந்தச் செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன். அங்கே பணத்தை ஓர் உறையில் வைத்து, உறையின் மேல் பெயரெழுதிக் கொடுக்கவேண்டும். நான் நல்ல கறுப்புப் பேனையால் அழுத்தமாக எழுதிக்கொண்டு போனேன். வாசலில் இருந்தவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து, மனையியல் படிப்பிக்கும் ஆசிரியை என் லாச்சிக்குள் ஒரு தூரிகைப் பேனையை வைத்துவிட்டுப் போயிருந்தார். வைத்ததையும் சொல்லவில்லை, எதற்கென்றும் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தால் மை சாம்பல் நிறத்தில், தண்ணீர் கலந்ததுபோல வந்தது. பேனை பழுதாக்கும் என்று நினைத்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது, இழவு வீட்டு உறையில் எழுதுவதற்கென்றே அந்தப் பேனை விற்கிறார்கள், மூலைக்கடையிலும் வாங்கலாம். மைக்கட்டியை உரைக்கும்போது கண்ணீர் விழுந்து மை நீர்த்துப் போய்விட்டது என்பது அதன் பொருள்.

அந்தப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். கணித ஆசிரியரின் மேசையில் குவிந்த அத்தனை உறைகளிலும் ஊரே அழுதிருக்கிறது. என்னுடைய உறை மட்டும்தான் அழவில்லை. அவர்களில் ஒருவரும் அதை எனக்குச் சொல்லிக்காட்டவுமில்லை.

அவருடைய சிரிப்பு விளங்குவதற்கு இன்னும் சில வருடம் பிடித்தது. என் துக்கத்தை உன் தோளில் வைக்கமாட்டேன், நீ என்ன சொல்வதென்று தெரியாமல் தவிக்க வேண்டாம், பயப்படாமல் உன் வேலையைப் பார் என்று எதிரில் நிற்பவருக்குக் கொடுக்கும் ஒரு விடுதலை அது. அதைத் துக்கமில்லாத சிரிப்பு என்று வாசித்தது என்னுடைய பிழை.

தம்பி, உனக்கு எல்லாமே அந்நியமாக இருக்கும் என்று சொல்லவரவில்லை. காலையில் வீட்டைவிட்டு வெளிக்கிடும் ஜப்பானியப் பிள்ளை "இத்தே கிமஸ்" என்று சொல்லும். சொல்லுக்குச் சொல் "போயிட்டு வாறன்" தான். உள்ளே இருப்பவர் "இத்தே ராஷ்ஷாய்" என்பார். போயிட்டு வாங்கோ. வெளிக்கிடும்போது வெறுமனே "போறன்" என்று சொன்னால் எங்கள் அம்மம்மா கோபித்துக்கொள்வார். போகிற ஆள் வரவும் வேண்டும் என்ற பயத்தையும் ஆசையையும் இரண்டு மொழியும் ஒரே மாதிரி வினைச்சொல்லுக்குள் வைத்துக் கட்டியிருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள், நினைவிருக்கிறதா?

இனி என் பக்கத்து வளவுக் கிழவரைப் பற்றிச் சொல்கிறேன். நெல் விதைப்பவர். போர்க்காலத்தில் சிறுபிள்ளையாக இருந்தவர். நான் இலங்கை என்று தெரிந்த அன்றே எழுந்து நின்று குனிந்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்யக் கூடிய மாநாட்டில், அன்றைய இலங்கை நிதியமைச்சர், எங்களுக்கு யுத்த நட்டஈடு வேண்டாம் என்று சொல்லி, வெறுப்பு வெறுப்பால் ஓயாது, அன்பினால்தான் ஓயும் என்ற தம்மபத வாக்கை எடுத்துச் சொன்னார். கிழவர் அதை மறக்கவில்லை. என்னைக் காணும்போதெல்லாம் அதற்காக நன்றி சொல்வார். நானும் குனிந்து, "இல்லையில்லை" என்று சொல்லிவிட்டு வருவேன்.

1983 ஆடியில் எங்கள் வீடு இதே வெள்ளவத்தையில் எரிந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். அன்பினால்தான் ஓயும் என்று நன்றி சொல்லும் ஒரு மனிதருக்கு முன்னால் நின்றுகொண்டு இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பத்து வருடம் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் இருப்பதை அவர்கள் "ஹொன்னே" என்பார்கள். முன்னுக்கு நிறுத்தும் முகத்தை "ததேமாய்" என்பார்கள். ததேமாய் என்றால் பொய் என்று வெளிநாட்டுக்காரர் எழுதுவதை நிறைய வாசித்திருக்கிறேன். நான் அந்தக் கிழவருக்குப் பொய் சொல்லவில்லை. அவர் ஐம்பது வருடமாகக் காத்துவந்த ஒரு நன்றியை உடைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். எது பொய், எது பரிவு என்று அந்த நாட்டில் நான் முதன்முதலாக யோசித்தது என்னுடைய சொந்த வாயை வைத்துத்தான்.

2009 மே மாதம் ஜப்பானியத் தொலைக்காட்சிச் செய்தியில் எங்கள் நாட்டின் பெயர் தொடர்ந்து வந்தது. கடற்கரை மணலும் கூடாரங்களும் சனமும். நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். அங்கே எவரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை கதவைத் திறந்தால், வாசற்படியில் பழைய பத்திரிகையில் சுற்றிய வராபி ஒரு கட்டு. மலையில் முளைக்கும் ஒரு வகைப் பன்னம், வசந்தகாலக் கீரை. மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வளவுக் கிழவர்தான் என்று முடிச்சுப் போட்டிருந்த விதத்தில் தெரிந்தது. வராபியை அப்படியே சமைத்தால் கசக்கும், வயிற்றுக்கும் கூடாது. அடுப்புச் சாம்பலைத் தூவிச் சுடுநீரில் இரவு முழுக்க ஊறவிட்டுத்தான் சமைக்கவேண்டும். இந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு அது தெரியாது, மின்னடுப்பில் சமைப்பவள் சாம்பலுக்கு எங்கே போவாள் என்று யோசித்து, ஒரு சிறு கடதாசிப் பையில் சாம்பலையும் மடித்து வைத்திருந்தார்.

அதைக் கண்டதும் படியிலேயே இருந்து அழுதேன். அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை நான் கடைசிவரை கேட்கவில்லை. பிறகு கண்டபோது "நன்றாக இருந்தது" என்றேன். "இந்த வருஷம் பனி கனநாள் நின்றது, அதனால் மெதுவாகத்தான் முளைத்தது" என்றார்.

இதுவரை எழுதியதை வாசித்துவிட்டு, ஜப்பானியர் எல்லாம் ஞானிகள் என்று நினைத்துவிட வேண்டாம். பாடசாலைக்குள் பதினெட்டு வருடம் இருந்தவள் நான். அந்த மௌனம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்றும் பார்த்திருக்கிறேன்.

"கமன்" என்ற சொல்லை நீ அங்கே இறங்கிய நாளில் இருந்து கேட்டிருப்பாய். பொறுத்துக்கொள், தாங்கிக்கொள். விழுந்து முழங்கால் உரஞ்சிய நாலு வயதுப் பிள்ளைக்கும் தாய் சொல்வது அதைத்தான். அது பௌத்த நூல்களோடு வந்த சொல். இரண்டு எழுத்தில் முதலாவது "நான்". இரண்டாவது, சமஸ்கிருத "மான"த்துக்குச் சீனத்தில் போட்ட எழுத்து. நான் என்ற செருக்கு என்பதுதான் அதன் பழைய பொருள். காலம் போகப்போகப் பொறுமை என்று ஆகிவிட்டது. அதே வடசொல் எங்களிடம் வந்து "மானம்" ஆனது. இதை அறிந்த நாளில் இருந்து கமன் என்ற சொல் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. அவர்கள் பொறுத்துக்கொள்வதில் மானமும் இருக்கிறது. மானம் என்று வந்துவிட்டால், உதவி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியாததா?

அங்கே ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு நோய்ப்பராமரிப்பு அறை உண்டு. கட்டில், திரைச்சீலை, பிள்ளைகளின் உடல்நலத்துக்கென்றே ஓர் ஆசிரியை. வகுப்பறைக்குள் காலெடுத்து வைக்க முடியாத பிள்ளைகள் அந்த அறைக்கு மட்டும் வந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்கென்றே தனியாக ஒரு சொல் இருக்கிறது என்றால் எத்தனை பிள்ளைகள் அப்படி என்று பார். பாடசாலைக்கே வராத பிள்ளைகள் வேறு. 2023 கல்வியாண்டில் ஆரம்பப் பாடசாலையிலும் இடைநிலைப் பாடசாலையிலுமாக 346,482 பிள்ளைகள் நீண்டநாள் வரவில்லை என்று கல்வி அமைச்சே கணக்கு வெளியிட்டது. கோடை விடுமுறை முடியும் நாட்கள் வந்தால் ஆசிரியர் அறையில் எல்லோருடைய முகமும் மாறும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வது செப்டெம்பர் முதலாம் திகதியை ஒட்டிக் கூடுகிறது என்பது அந்த நாடே அறிந்த விஷயம். எங்கள் பக்கம் ஓகஸ்ட் நடுப்பகுதி கடந்ததும் பாடசாலை தொடங்கிவிடும். அந்தக் காலைகளில் அதிபர் படலையடியில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்ப்பார். வரவு எண்ணுகிறார் என்று முதல் வருடம் நினைத்தேன்.

இடைநிலைப் பாடசாலையின் இரண்டாம் வருடத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். பதினாலு வயது. கூடைப்பந்துக் குழுவில் இருந்தவள். திருத்துவதற்கு எனக்குத் தரும் ஆங்கிலக் கொப்பியில், ஒரு நாள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வசனம் எழுதியிருந்தாள். எனக்குக் கவலையாக இருக்கிறது, என் குழுவை நான் வெறுக்கிறேன் என்று, பிழையில்லாத ஆங்கிலத்தில். நான் அதன் கீழே இரண்டு வரி எழுதினேன். அவள் நாலு வரி எழுதினாள். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் அப்படியே நடந்தது. வகுப்பில் என்னை நிமிர்ந்தும் பார்க்கமாட்டாள். கொப்பியில் எல்லாம் சொல்வாள். ஜப்பானிய மொழியில் "நான் வெறுக்கிறேன்" என்று எழுதினால், அதைக் கேட்கப் பின்னால் ஒரு குடும்பமும் வகுப்பும் குழுவும் நிற்கிறது. ஆங்கிலத்தில் யாரும் நிற்கவில்லை. நானும் வெளியாள், அந்த மொழியும் வெளிமொழி. அங்கேதான் அவள் நெஞ்சு கொஞ்சம் மூச்சு விட்டது. என் வேலை ஆங்கில இலக்கணம் என்று நினைத்திருந்த எனக்கு, இந்தப் பிள்ளைகள் எதற்காக இன்னொரு மொழி படிக்கிறார்கள் என்று அப்போதுதான் பிடிபட்டது. மற்றக் கொப்பிகளிலும் தேடினேன். இருந்தது. ஒரு சொல், அரை வசனம் என்று பல கொப்பிகளில் இருந்தது.

தை மாதம் அவள் எழுதிய ஒரு வரியைக் கண்டு பயந்து, வகுப்பாசிரியரிடம் கொப்பியைக் காட்டினேன். காட்டத்தான் வேண்டும். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் நல்ல மனிதர், அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பேசினார். அவள் குழுவில் இருந்து விலகினாள், உயிரோடு இருந்தாள், படித்து முடித்தாள். ஆனால் என் கொப்பியில் அதற்குப் பிறகு பாடத்தில் உள்ளதை மட்டும்தான் எழுதினாள். பட்டமளிப்பு நாளில் எல்லாப் பிள்ளைகளும் விம்மி விம்மி அழுதார்கள். அங்கே அன்றைக்கு அழலாம், அழுவதற்கென்றே வைத்த நாள் அது. அவள் வந்து குனிந்து "நன்றி" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. செய்தது சரியென்று தெரிந்தும் மனம் ஆறாத காரியங்கள் உண்டு. எனக்கு அது ஒன்று.

2004 மார்கழி 26. எங்கள் நாட்டில் சுனாமியில் முப்பதாயிரத்துக்கும் மேல் போனார்கள். முல்லைத்தீவில் இருந்த என் மாமியின் மகளும் அதில் ஒருத்தி. தை நடுவில் பாடசாலை தொடங்கியபோது, ஆசிரியர் அறையில் யாராவது "உங்கள் வீட்டார் எப்படி?" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. காசு சேர்த்து உறையில் தந்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்புக்கு எண்ணெய் நிரப்பும் என்னுடைய முறைக்கு வேறு யாரோ நிரப்பியிருந்தார்கள். துப்புரவு அட்டவணையில் வெளிவாசல் பனி அள்ளும் இடத்தில் என் பெயர் மாறி, உள்ளே நூலகத்துக்கு வந்திருந்தது. நான் அதைக் கவனித்தேன், கணக்கில் எடுக்கவில்லை. கேட்கவில்லையே என்பதுதான் நெஞ்சில் நின்றது.

ஆறு வருடம் கழித்து, 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. பட்டமளிப்புக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். நிலநடுக்கத்தின் அளவு 9 என்று பிறகுதான் தெரியும். நிலம் ஆடியது நிற்கவே நிற்காதோ என்று இருந்தது. மின்சாரம் போனது, பனி கொட்டத் தொடங்கியது. நாங்கள் மலைப்பக்கம். கடல் எங்களிடம் வரவில்லை. ஆனால் கரையோர ஊர்களில் என்ன நடக்கிறது என்று ஒருவருடைய கைவானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குச் சாம்பல் மைப் பேனை தந்த அந்த மனையியல் ஆசிரியையின் பிறந்த ஊர் ஓட்சுச்சி. தாயும் தமையனும் அங்கேதான். அந்த ஊரில் மட்டும் 1,200 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள்.

அவர் சமையல் பாட அறையில் இருந்த காஸ் அடுப்பில் அரிசியை வேகவைத்து, கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகளுக்கு ஓனிகிரி என்ற சோற்றுருண்டை உருட்டிக்கொண்டிருந்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில் உருண்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கொன்று அளவு மாறவில்லை. நான் எங்கள் வழக்கப்படி போய் அவரைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டேன். அவருடைய கை முழுக்கச் சோறு. உள்ளங்கையை விரித்தபடி, முழங்கையால் என் முதுகைத் தடவி, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தாய் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவர், எனக்கு! அவருடைய அந்த இரவில் இருந்து பத்து நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் ஆறு வருடத்துக்கு முந்திய பனி அள்ளும் அட்டவணை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கழுவினேன். உப்புத் தண்ணீரில் கையை நனைத்து, அவருக்குப் பக்கத்தில் நின்று உருட்டினேன். விடியும்வரை நாங்கள் பேசியது அரிசி போதுமா என்பதைப் பற்றி மட்டும்தான்.

தாய் கிடைத்தார். தமையன் கிடைக்கவில்லை.

ஓட்சுச்சியில் ஒரு குன்றின் மேல், கடல் தெரிகிற தோட்டம் ஒன்றில், வெள்ளை நிறத் தொலைபேசிக் கூண்டு இருக்கிறது. உள்ளே எண்ணைச் சுழற்றும் பழைய கறுப்புத் தொலைபேசி. கம்பி எதோடும் பொருந்தவில்லை. சசாகி இத்தாரு என்பவர் புற்றுநோயில் போன தன் உறவினரோடு பேச 2010 இல் தன் தோட்டத்தில் வைத்தது. கடல் வந்த பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்டார். காற்றுத் தொலைபேசி என்று பெயர். இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "காரில் வருகிறீர்களா?" என்று மனையியல் ஆசிரியை கேட்டார். எங்கே என்று சொல்லவில்லை. அவர் கூண்டுக்குள் போனார், நான் தோட்டத்து வாங்கிலில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வெளியே வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. வழியில் ராமென் சாப்பிட்டோம். தன் கிண்ணத்தில் இருந்த முட்டையின் பாதியை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார்.

அம்மா 2018 இல் போனார். வீடு நிறைந்த சனம். சின்னம்மாமார் தலைவிரித்து ஒப்பாரி வைத்தார்கள். "என்ர அக்கா, கடல் தாண்டி இருந்த பிள்ளைக்காகக் கண் பூத்தியே" என்று பாடினார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், குவளை கழுவினேன், திரும்பவும் ஊற்றினேன். பெரியம்மா குசினிக்குள் வந்து என் கையில் இருந்த கேத்திலைப் பறித்தார். "என்ன பிள்ளை நீ? சப்பான் போய்க் கல்லாகிட்டியா? வந்து அம்மான்ர தலைமாட்டில இரு" என்றார். தரதரவென்று இழுத்துக்கொண்டும் போனார். அந்த உரிமைக்கு ஜப்பானில் "அமாயே" என்று ஒரு சொல் உண்டு. டோய் தக்கேயோ என்ற மனநல வைத்தியர் 1971 இல் அதைப் பற்றி எழுதி, இப்படி ஒரு சொல் மற்ற மொழிகளில் கிடைக்கவில்லையே என்று யோசித்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் "உரிமை எடுக்கிறது" என்று நான் சொல்லியிருப்பேன். கேட்காமல் கேத்திலைப் பறிக்கலாம், இழுக்கலாம், ஏசலாம், அப்போதும் இவள் என்னை விட்டுப் போகமாட்டாள் என்ற நம்பிக்கை. அம்மாவின் தலைமாட்டில் பெரியம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கடைசியில் அழுதேன். இருபது வருடத்து அழுகை அது. அந்தக் கையின் பலம் இல்லாவிட்டால் எனக்கு அது வந்திருக்காது.

பொரளை கனத்தை மயானத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்று மாமா சொன்னார். நான் வருவேன் என்றேன். ஜப்பானில் பக்கத்து வளவுக் கிழவர் இறந்தபோது, உடலை எரித்த பிறகு அவருடைய மகன் என்னையும் எலும்பு எடுக்கக் கூப்பிட்டார். இரண்டு பேர் இரண்டு சோடிக் குச்சிகளால் ஒரே எலும்பைச் சேர்த்துப் பிடித்துக் கலசத்தில் வைப்பார்கள். கால் எலும்பில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள், கலசத்துக்குள்ளும் அவர் நிமிர்ந்து இருக்கவேண்டும் என்பதற்காக. எனக்குக் கை நடுங்கியது. எதிர்ப்பக்கத்தில் மகனின் குச்சி அசையாமல் என் நடுக்கத்தையும் சேர்த்துத் தாங்கியது. ஊரில் பத்திரிகையில் சுற்றிய கீரையைப் படியில் வைத்துவிட்டுப் போன மனிதரின் எலும்பு அவ்வளவு பாரமில்லை. அதைச் செய்தவளுக்கு என் அம்மாவின் சாம்பலை வாங்க வரமுடியாதா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சநேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டோவில் தள்ளியிருந்து இடம் விட்டார்.

புதன்கிழமை பின்னேரம் பையனுக்கு அழைப்பு எடுத்தேன். இதில் பாதியைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை. "தம்பி, ஒன்று கேட்கிறேன். வாசலில் குனிந்தார்கள் என்று சொன்னாயே, எவ்வளவு நேரம் குனிந்தார்கள்?" என்று கேட்டேன்.

"நான் எண்ணல்ல மிஸ்."

"வாகனம் எதுவரைக்கும் போனது?"

யோசித்தான். முன்னுக்கு நேர்ரோடு, இருநூறு மீற்றர் இருக்கும், அதற்குப் பிறகு சந்தி என்றான். நான் நிமிர்ந்திட்டேன் மிஸ், எல்லாம் முடிஞ்சுது எண்டு நெனச்சேன் என்றான். பிறகு குரல் மாறியது.

"சந்தியில சிவப்பு லைட் விழுந்துச்சு மிஸ். வண்டி அங்கேயே நின்னுச்சு. இவங்க யாரும் நிமிரல்ல. தலையக் குனிஞ்சபடியேதான் நின்னாங்க. அந்த லீடர் அக்காவோட ஏப்ரன் முன்பக்கம் நனைஞ்சிருந்துச்சு. சோறூட்டினப்போ ஊத்தினதா இருக்கும்னு நெனச்சேன்." கொஞ்சநேரம் நிறுத்தினான். "ஆனா அண்டைக்கு அவங்க ட்யூட்டி சமையலறைப் பக்கம் இல்ல மிஸ்."